கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டிய பை

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களின் மூத்திரத்தைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நுண்ணுயிரியல் லேப் டெக்னீஷியன் நான். காலையில் வரிசையாக வந்து நிற்கும் சின்ன டப்பாக்களைத் திறப்பேன். வளையக் கம்பியால் ஒரு துளி எடுத்துத் தட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு, மறுநாள் அதில் என்ன முளைத்திருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்த்து எழுதுவேன். எழுதியதை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது. மேடம் எங்கள் லேபின் டாக்டர்.

டப்பா கொண்டுவருகிறவர்கள் அதைக் கைக்குட்டையில் சுற்றி, அதன்மேல் பேப்பர் சுற்றி, துணிக்கடைப் பைக்குள் போட்டு, திருட்டு நகையை நீட்டுகிற மாதிரி நீட்டுவார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். "இதுல இன்னாங்க வெக்கம்? எல்லாருக்கும் வர்றதுதானே?" என்று அதட்டுவேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை அப்படி அதட்டியிருப்பேனோ தெரியாது. இப்போது அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

எங்களுக்கு அபிஷேகப்பாக்கத்தில் வீடு. நெல்லும் கரும்பும் போடுகிறோம். போன கரும்பு வெட்டின்போது என் வீட்டுக்காரர் டிரெய்லர் மேல் நின்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கியதில் கால் தவறி வரப்பில் விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் ஆறு வாரம் அசையக் கூடாது என்றார்கள். விழுந்ததிலிருந்து சிறுநீர் தானாக இறங்கவில்லை. அதனால் ட்யூப் போட்டு, அதன் நுனியில் ஒரு பையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது வார்டு சிஸ்டர் என்னிடம், "பை எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும். தரையிலயும் படக் கூடாது" என்றார்.

"தெரியும் சிஸ்டர், நான் லேபுதான்" என்றேன். ஏதோ நான்தான் அந்தப் பையைக் கண்டுபிடித்தவள் என்கிற தோரணையில் சொன்னேன்.

உள்ளறை சின்னது என்பதால் கூடத்தில் கட்டில் போட்டோம். ஃபேன் இருந்தது, டிவி இருந்தது, வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கலாம். பை, கட்டிலின் பக்கச் சட்டத்தில் தொங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். இது எனக்கு முதல் இரண்டு நாள் உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்குத் திருக்கனூரில் ஒரு சம்பந்தம் பேசி, ஏறக்குறைய முடிந்து, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இவர் விழுந்த செய்தி கேட்டுப் பார்க்க வந்தார்கள். சொல்லாமல் வந்தார்கள். கேட் திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் சம்பந்தியம்மா பட்டுப்புடவையில், கையில் சாத்துக்குடிப் பையோடு நிற்கிறார். திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சவரம் செய்யாத முகம், கலைந்த வேட்டி, கட்டிலோரத்தில் பாதி நிறைந்து தேத்தண்ணி நிறத்தில் அந்தப் பை.

யோசிக்கவே இல்லை. பையைத் தூக்கினேன், மெத்தைமேல் அவர் தொடைக்குப் பக்கத்தில் வைத்தேன், பூப்போட்ட போர்வையை இழுத்து மூடினேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். எல்லாம் அவர்கள் படியேறி வருவதற்குள் முடிந்துவிட்டது. "வாங்க, வாங்க" என்று சிரித்த முகமாகப் போய் வரவேற்றேன்.

காபி குடித்து, எப்படி விழுந்தார் என்று ஆதியோடந்தமாகக் கேட்டு, அவர்கள் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. போனபின் பையை மறுபடி கீழே தொங்கவிட்டேன். எனக்கு என் சமயோசிதத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போதும், பார்க்க வராதவர் பாக்கி இருக்க மாட்டார். பங்காளிகள், கரும்பு வெட்டுக்கு வந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தால் உடனே எழுந்து போக மாட்டார்கள். எழுந்தால் மரியாதைக் குறைவு. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் இடமில்லாமல் நின்றன. ஒரு வாரத்தில் நான் டூட்டிக்குத் திரும்பினேன். பகலில் பக்கத்து வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி அவரைப் பார்த்துக்கொள்வாள். நாலு மணிக்கு நான் வந்துவிடுவேன். அதற்குமேல்தான் கூட்டம். கேட் கிரீச்சிட்டால் என் கை தானாகப் பையைத் தூக்கும், போர்வையை இழுக்கும். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் கீழே இறக்குவானேன் என்று, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரைக்கும் பை மெத்தைமேலேயே கிடக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார். பாகூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் வாரம் கொண்டாடுகிறார்கள், அவரைப் பேச அழைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ராக்கெட் என்றால் ஆசை, நமக்குக் கிருமிதான் தெரியும்; இரண்டையும் சேர்த்து, விண்வெளியில் நோய்க்கிருமிகள் என்ன ஆகின்றன என்று பேசப் போகிறேன் என்றார். "எனக்கு இங்கிலீஷ்லதான் வருது. நீங்க தமிழ்ல எழுதிக் குடுத்தா அப்படியே ஸ்லைடு போட்டுடலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் நான்தான். அதற்கப்புறம் அந்தத் தமிழை வைத்து லேப் லேபிள்தான் எழுதியிருக்கிறேன். தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தினமும் இரண்டு பக்கம் எழுதி என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவேன். படுத்தே கிடக்கிற மனிதருக்கும் பொழுது போக வேண்டுமே.

முதல் பக்கங்களில் எனக்குப் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. விண்வெளிக்குப் போகிறவர்களோடு அவர்கள் தோலிலும் குடலிலும் இருக்கிற கிருமிகளும் போகின்றன, அவற்றை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போக முடியாது. அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துபோகிறது. என்றோ வந்து உள்ளே அடங்கிக் கிடக்கிற அக்கி வைரஸ்கூட விழித்துக்கொள்கிறது. சரி, வேலைப் பளு, தூக்கக்கேடு, இருக்கும் என்று எழுதிக்கொண்டு போனேன்.

அடுத்த பக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமியை விண்கலத்தில் வளர்த்துக் கொண்டுவந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தரையில் வளர்ந்த அதே கிருமியைவிட அது மூர்க்கமாக எலிகளைக் கொன்றிருக்கிறது. அதே சாப்பாடு கொடுத்துத்தான் இரண்டையும் வளர்த்தார்கள். மேலே வளர்ந்ததற்கு எடை இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

"எவன் அவன், வேலையத்துப்போய்க் கிருமிய ராக்கெட்டுல ஏத்துனவன்?" என்று நான் சத்தம் போட்டேன்.

"நீ ஏன்டி கத்துற? எலிதானே செத்துச்சு" என்றார் அவர்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை. கிருமிக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் சூடு, ஈரம், சாப்பாடு என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். எடை என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு எடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மறுநாள் மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு விளக்கினார். தரையில் இந்தப் பாட்டில் சும்மா இருப்பதாக நமக்குத் தோன்றும், ஆனால் உள்ளே கனமானது கீழே இறங்கும், சூடானது மேலே ஏறும், ஏதோ ஓர் அசைவு ஓயாமல் இருக்கும். விண்வெளியில் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. கிருமியைச் சுற்றியிருக்கும் திரவம் அப்படியே நின்றுபோகிறது. நம் குடலின் இடுக்குகளிலும் அந்த மாதிரி அமைதியான இடங்கள் உண்டு. ஓட்டம் நின்றதும், ஆள் உடம்புக்குள் வந்துசேர்ந்துவிட்டோம் என்று நினைத்து அந்தக் கிருமி சண்டைக்குத் தயாராகிறதோ என்னவோ என்று சிலர் கருதுகிறார்கள் என்றார்.

"அப்ப ஓட்டம் நின்னா ஆபத்தா மேடம்?"

"எல்லாக் கிருமிக்கும் ஒரே மாதிரி இல்ல. சிலது அங்க போய்ச் சாதுவாவும் ஆயிருக்கு. ஆனா ஓட்டம் நிக்கிற எடத்த நாம கவனிக்கணும்."

அந்த வாக்கியத்தை என் கைப்பட ஸ்லைடில் எழுதினேன்: 'ஓட்டம் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்.' எழுதிவிட்டு நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து, கேட் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கி மெத்தைமேல் வைத்தேன். இதை நான் எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரத்துப் பக்கங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கிருமியைப் பற்றியவை. சூடோமோனாஸ். தட்டில் பச்சையாகப் படரும், திறந்தால் திராட்சை மாதிரி இனிப்பாக ஒரு வாசம் வரும், லேசில் எந்த மருந்துக்கும் அடங்காது. ட்யூப் போட்ட நோயாளிகளின் டப்பாவில் அடிக்கடி வந்து நிற்கும். ட்யூப்பின் உள்சுவரில் கிணற்றுப் பாசி மாதிரி வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு கூட்டமாகக் குடியிருக்கும். அந்தப் பாசிக்குள் இருந்தால் மருந்தும் அதைச் சரியாக எட்டாது. இதையும் விண்கலத்தில் கொண்டுபோய் வளர்த்திருக்கிறார்கள். எதில் என்று பார்த்தால், செயற்கையாகத் தயாரித்த சிறுநீரில்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர்கள் ஏழரைக்கெல்லாம் போய்விட்டார்கள். அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதை வாசித்தேன். அவருக்குக் காலையிலிருந்து உடம்பு லேசாகக் கதகதவென்று இருந்தது. இருந்தாலும் சிரித்தார்.

"மனுசன் போறதுக்கே எடம் இல்லாத வண்டியில மூத்திரத்த ஏத்திக்கினு போனானா?"

"கேளுங்க. அங்க அந்தப் பாசி தரையில வளர்றத வுடத் தடிப்பா வளர்ந்திருக்கு. இங்க ஒருநாளும் பார்க்காத மாதிரி தூண் தூணா நின்னு, மேல கூரை விரிச்சிருக்கு. நான் பந்தல்னு எழுதியிருக்கேன்."

"பந்தலா? நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி கிருமி போட்டுடுச்சா பந்தல?" என்று சிரித்தார். அப்புறம் கேட்டார். "ஏன்டி, அங்க எதுவும் கீழ எறங்காதுன்ற. அப்ப அவங்க ஒண்ணுக்குப் போனா இன்னா ஆவும்?"

இந்த மனிதரின் புத்தி எங்கே போகிறது பார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அங்கே கீழே இறங்காது, காற்றால் உறிஞ்சுகிற குழாய் வைத்திருப்பார்கள். எடையே இல்லாததால் மூத்திரப்பை நிறைந்ததுகூடச் சரியாகத் தெரியாதாம். சிறுநீர் இறங்காமல் கட்டிக்கொண்டு ட்யூப் போட நேர்ந்தவர்களும் உண்டாம்.

"அடப் பாவமே" என்றார் அவர். "அப்ப நம்ம கததான் அவங்களுக்கும். நீ பைய மேல தூக்கி வெச்சதும் ட்யூப்புல அப்பிடியே நின்னுடுது பாரு, அந்த மாதிரிதானே? அப்பறம் கொஞ்சம் உள்ளயே திரும்பிப் போறாப்பல குளுகுளுன்னு இருக்கும்."

எனக்குக் கையிலிருந்த தாள் நழுவியது. அவர் என்ன சொன்னார் என்பது காதில் விழுந்துவிட்டது. அது மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். பூப்போட்ட போர்வை அவர் தொடைக்குப் பக்கத்தில் சின்ன மேடாக எழும்பி நின்றது. கடைசியாக வந்தவர்கள் போய் அரை மணி நேரமாகியும் நான் பையை இறக்கவில்லை. ஸ்லைடு வாசிக்கிற அவசரம்.

போர்வையை இழுத்தேன். ட்யூப் ஒரு வளைவாகக் கிடந்தது, அதற்குள் சிறுநீர் அசையாமல் நின்றது. கலங்கியிருந்தது. பையைக் கீழே இறக்கியதும் அது சரசரவென்று ஓடியது, ஓட்டத்தில் வெள்ளை வெள்ளையாகப் பிசிறுகள் போயின. தினமும் பத்து டப்பாவில் இதைப் பார்க்கிறவள் நான்.

"எத்தினி நாளா இப்பிடித் திரும்பிப் போறாப்பல இருக்கு?"

"நீ மேல வெக்க ஆரம்பிச்ச நாள்லருந்துதான்."

"ஏன் சொல்லல?" என்று கத்தினேன். "வாயில இன்னா கொழுக்கட்டையா? ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீதானே லேப்புல இருக்குற? உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப்போவுது?"

பைக்குள் விழுந்தது திரும்பாதபடி அதன் வாயில் ஒரு தடுப்பு உண்டு. ட்யூப்பில் நிற்பதற்கு அந்தத் தடுப்பு கிடையாது. அது சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். இதைப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ராக்கெட் ஏறி, பூமியை விட்டுப்போனால்தான் எதுவும் கீழே இறங்காமல் ஓட்டம் நின்றுபோகும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கூடத்தில் தினமும் இரண்டரை மணி நேரம், வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே, நான் அதைச் செய்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் சாம்பிள் எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தேன் என்பதை லேபுக்குப் போய் மேசையில் வைத்தபோதுதான் கவனித்தேன். பதினோரு மணிக்கு ஓரகத்தியிடமிருந்து போன். அவருக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம், பேச்சு குழறுகிறது என்றாள். ஆம்புலன்ஸ் வைத்து எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். கிருமி சிறுநீரகம்வரை ஏறி ரத்தத்திலும் கலந்திருக்கலாம், ரத்த அழுத்தம் இறங்குகிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் வார்டு டாக்டர். டிரெய்லரிலிருந்து விழுந்தபோதுகூட எனக்கு இந்தப் பயம் வரவில்லை. அன்றைக்கு விழுந்தது அவர் கால் தவறி. இது அப்படி இல்லையே.

மறுநாள் இன்குபேட்டரைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. வேறு யாரையும் திறக்க விடவும் மனம் இல்லை. தட்டின் மூடியைத் தூக்கினேன். பச்சை. பார்ப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது, இனிப்பாக, திராட்சை மாதிரி. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முறை முகர்ந்த வாசம்தான். அன்றைக்கு வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

அடுத்த நாள் மருந்து வில்லைகள் வைத்த தட்டு. கிருமி எந்த மருந்துக்கு அடங்குமோ அந்த வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வட்டம் விழும். முதல் வில்லை, வட்டம் இல்லை. இரண்டாவது, இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் இரண்டு வில்லைகளைச் சுற்றி மட்டும் வட்டம் விழுந்திருந்தது. ஸ்கேலை வைத்து மூன்று முறை அளந்தேன். ரிப்போர்ட் அச்சாகும்வரை பொறுக்காமல் கையில் எழுதிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். அன்று மத்தியானமே மருந்தை மாற்றினார்கள்.

மேடம் அவரைப் பார்க்க வார்டுக்கே வந்தார். கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, கட்டிலருகே குனிந்து, "வீட்டுல பைய யாராச்சும் மேல தூக்கி வெச்சாங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, குரல் சரியாக எழும்பவில்லை. "நான்தாங்க. வர்றவங்க பாக்குறாங்களேன்னு வெக்கமா இருந்துச்சு. போர்வைக்குள்ள வெச்சுக்குவன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாக்கலியா?"

"நான் டூட்டியில இருந்தேன் மேடம்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது? காய்ச்சலில் கிடக்கிற மனிதர் எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டார், அதில் எனக்கு அதிர்ச்சி. அதை நான் அப்படியே அவர்மேல் சுமத்திவிட்டு நின்றேன், அதில் இன்னும் பெரிய அதிர்ச்சி. மேடம் தலையை ஆட்டினார். ட்யூப் போட்டாலே கிருமி ஏற வாய்ப்பு உண்டு, இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதுவும் காரணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் திருக்கனூர் சம்பந்தியம்மா மறுபடி வந்தார். நான் தடுப்பதற்குள் ஸ்டூலை இழுத்துப் பைக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். பேச்சுக்கு நடுவில் குனிந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போன சிஸ்டரைக் கூப்பிட்டு, "பை நெறையப் போவுது, காலி பண்ணிடும்மா" என்றார். பிறகு என்னிடம், "எங்க மாமனாருக்கு ஒரு வருசம் இருந்துச்சு. நான்தான் பாத்துக்கினன்" என்றார். எனக்கு மடேர் என்று யாரோ மண்டையில் போட்டது போல இருந்தது. இந்த அம்மாவின் கண்ணில் படக் கூடாது என்றுதான் ஒரு மனிதரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோயிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் குணமாகி வீடு திரும்பினார். சில வாரங்களில் ட்யூப்பையும் எடுத்தார்கள். வாக்கர் பிடித்துக் கூடத்துக்குள் நடக்க ஆரம்பித்தார். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. எங்களுக்குள் பையைப் பற்றிய பேச்சு எழவே இல்லை. நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

தள்ளிப்போட்டிருந்த பள்ளிக்கூடப் பேச்சுக்கு மேடம் நாள் சொன்னார். ஸ்லைடு தள்ள நான் கூடப் போனேன். மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால், ஹால் நிறையப் பிள்ளைகள். ராக்கெட் படம் வந்ததும் கைதட்டினார்கள். சால்மோனெல்லா எலிகளைக் கொன்ற இடத்தில் "ஐயோ" என்றார்கள். நான் எழுதின பந்தலைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் 'ஓட்டம் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்' என்கிற ஸ்லைடு வந்தது. அங்கே மேடம் தாளைப் பார்க்காமல் பேசினார்.

"இது எங்கயோ வானத்துல நடக்கிற விஷயம்னு நெனைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பேஷண்ட், பேரு வேணாம், யூரின் பை மாட்டியிருந்தாரு. வர்றவங்க பார்த்தா வெக்கம்னு அவரே அதத் தூக்கிப் போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டாரு. வெக்கப்பட்டே உசுர விடப் பாத்தாரு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன் வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கேட்டால் சிரிப்பு வருகிற விஷயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. கரும்பு லோடு ஏற்றுகிற மனிதர், வாக்கர் பிடித்து வீட்டில் நடந்துகொண்டிருக்கிறார். அவரை முன்பின் தெரியாத ஒரு ஹால் நிறைய ஆட்கள் முட்டாள் என்று சிரிக்கிறார்கள்.

"அவரு இல்ல மேடம்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

"அந்தப் பைய மேல வெச்சது அவரு இல்ல மேடம். நான். தினமும் நான்தான் வெச்சேன். அவரு என் வீட்டுக்காரரு."

சிரிப்பு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அடங்கிக்கொண்டே போனது. மேடம் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அடுத்த ஸ்லைடு போடுங்க" என்றார்.

போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டிருந்தார். "பேச்சு எப்பிடி இருந்துச்சு? பந்தலுக்குச் சிரிச்சாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னேன்.

"பசங்க முன்னாடியா?"

"ஆமா."

"அந்த மேடம் முன்னாடியா?"

"ஆமா."

அவர் முகம் சிவந்துபோயிற்று. எதிரில் இருந்த வாக்கரைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். "உனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு? நான்தான் அன்னிக்கே என் தலையில போட்டுக்கினேனே. கரும்பு வெட்றவன் தெரியாம பண்ணிட்டான்னு அத்தோட போயிருக்கும். நீ தல நிமிந்து போய்ட்டு வர்ற எடம்டி அது. நாளைக்கு அங்க உன்ன எவன் மதிப்பான்?"

அவருக்கு ஹார்லிக்ஸ் கலக்குகிற சாக்கில் அடுப்படிக்குப் போய், பால் பொங்கி வழிகிறவரை நின்று அழுதேன்.